கெட்ட மண்ணும் அதன் பரிகாரமும்

நம் சங்கத்தின் வார இறுதி மதரஸாவுக்குச் சொந்த இடம் வேண்டுமென்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்து வருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சென்ற கூட்டத்தில், மாசாய்ப் பக்கம் ஒரு நிலம் மலிவாக வருகிறது என்ற செய்தி பிரஸ்தாபிக்கப்பட்டது. முதலில் மோட்டார் பட்டறையும், பிறகு பழைய பேட்டரிகளை வாங்கிச் சேர்க்கும் கொட்டகையும் இருந்த இடம். அக்கம்பக்கத்து விலையில் ஏறக்குறையப் பாதிக்கே தருவதாக உடையவர் சொல்கிறார்.

"காக்கா, இவ்வளவு மலிவென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே?" என்றார் வாலிபர் ஒருவர்.

"பட்டறை நிலம் தம்பி, கொஞ்சம் எண்ணெய்க் கறை இருக்கத்தான் செய்யும். மேலே சிமெண்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்றார் பெரியவர்.

இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினர். ஆனால் சிமெண்டு போட்டால் தீருமா என்ற கேள்விக்கு அன்று அங்கிருந்த நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதை அறியும் பொருட்டுச் சில வாரங்களாகப் படித்தும் கேட்டும் திரட்டியவற்றை இங்கே ஒரு பாடமாகத் தருகிறோம். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம். படிக்கப் போவது நம் பிள்ளைகள் அல்லவா?

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாசிர் கூடாங் நமக்கு அடுத்த வீடு. (நம் 'கிடங்கு' என்னும் சொல்லே மலாயில் 'கூடாங்' ஆயிற்று என்பர், மணற்கிடங்கு என்று ஊருக்குப் பெயர்.) 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் தேதி, அங்குள்ள சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பழைய டயர்களைக் காற்றின்றிச் சுட்டு எண்ணெய் எடுக்கும் தொழிலின் கழிவாக இருக்கலாமென்று சந்தேகிக்கப்பட்டது. காலையில் தாமான் பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல். முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சிலரே. ஆற்றில் கிடந்தது முழுதும் அகற்றப்படுமுன் வெயிலும் காற்றும் அதைக் கிளப்பிவிட, 11ஆம் தேதியிலிருந்து இரண்டாம் அலையாக நோய் பரவிற்று. 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிக்கூடங்களையும் மூடக் கல்வி அமைச்சு உத்தரவிட்டது. சிகிச்சை பெற்றோர் தொகை ஆயிரக்கணக்கில் ஏறிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே மீண்டும் மாணவர்கள் நோயுற்று, 400க்கு மேற்பட்ட கல்விக்கூடங்கள் சில நாட்கள் மூடப்பட்டன.

இந்த நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. கெட்டுப்போன ஆற்றின் நீளம் சுமார் 1.5 கிலோமீட்டர்தான். அதைத் துப்புரவு செய்ய 64 இலட்சம் வெள்ளி ஆகுமென்று அரசு தெரிவித்தது. நீரை மட்டும் இறைத்தால் போதவில்லை. அடிச்சேற்றையும் கரை மண்ணையும் சேர்த்து அள்ள வேண்டியதாயிற்று. ஒரு லோரிக் கழிவை முறைப்படி அழிக்க ஆகும் கூலியை மிச்சப்படுத்த எவரோ இருளில் செய்த காரியம், ஊர்ப் பணத்தில் எத்தனை மடங்காகத் திரும்பிற்று பாருங்கள்.

சரி, மண் எப்படிக் கெடுகிறது? எல்லாக் கேடும் ஆற்றில் கொட்டுவதுபோல் ஒரே இரவில் வருவதில்லை. பெரும்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பட்டறையில் வண்டிக்குக் கறுப்பெண்ணெய் மாற்றுகிறார்கள். வடித்த பழைய எண்ணெயில் ஒரு கிண்ணம் தரையில் சிந்துகிறது. நாளைக்கு ஒரு கிண்ணம் வீதம் 20 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் எத்தனை பீப்பாய் வரும்! பேட்டரி உடைக்கும் இடத்திலோ அமிலமும் ஈயத்தூளும். பெட்ரோல் நிலையத்தில் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டி துருப்பிடித்துக் கசிகிறது. துணி உலர்சலவைக் கடைகளிலும் உலோகம் துடைக்கும் ஆலைகளிலும் கரைப்பான் திரவங்கள்.

இவை எல்லாம் மண்ணுக்குள் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதே பாடத்தின் முக்கியப் பகுதி. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசானவை. கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து, நீர் ஓடும் பக்கமே பரவும். உலர்சலவைத் திரவம் போன்றவை தண்ணீரைவிடக் கனமானவை. நீரையும் ஊடுருவி அடிப்பாறை வரை இறங்கி அங்கே குட்டையாகத் தங்கி, தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாய்க் கரையும். தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஈயம் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. பெரும்பாலும் மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் எண்ணெய்க்கு இருக்கும் ஒரு நற்குணம் ஈயத்துக்கு இல்லை. எண்ணெயைக் காலப்போக்கில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். ஈயம் ஒரு தனிமம், நூறாண்டு கழிந்தாலும் ஈயமாகவே இருக்கும்.

நிபுணர்கள் மூன்று சொற்களைச் சொல்லுகிறார்கள்: நஞ்சு இருக்கும் இடம், அது வரும் வழி, அதைப் பெறும் உயிர். மூன்றும் சங்கிலிபோல் இணைந்தால்தான் தீங்கு. எனவே மூன்றில் ஏதேனும் ஒரு கண்ணியை அறுத்தால் போதுமென்பது அவர்கள் சித்தாந்தம். நஞ்சைத் தோண்டி எடுக்கலாம்; வழியை அடைக்கலாம்; அதுவும் முடியாவிட்டால் மனிதரை அங்கே குடிவைக்காமல் இருக்கலாம்.

இப்போது நம் பெரியவரின் சிமெண்டுக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி சரி. ஈயத்தூள் உள்ள மண்ணின்மேல் நல்ல தளம் போட்டால், பிள்ளைகள் கையில் புழுதி ஒட்டாது. சிறு பிள்ளைகள் கையை வாயில் வைப்பவர்கள். அவர்கள் உடல் ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். ஆகவே வழியை அடைப்பது நல்லதே. ஆனால் ஆவியாகும் பொருள்களுக்கு அந்தத் தளமே பகையாகிவிடலாம். திறந்த வெளியில் காற்றோடு போயிருக்கும் ஆவி, தளத்தின் கீழ் தேங்கி, வெடிப்புகள் வழியாகவும் குழாய் இறங்கும் ஓட்டைகள் வழியாகவும் அறைக்குள் நுழையும். குளிர்சாதனம் போட்டுச் சன்னலை அடைத்த வகுப்பறையில் அது மேலும் சேரும். அன்றியும், தளம் மேலிருந்து வரும் மழையைத் தடுக்குமே தவிர, கீழே பக்கவாட்டில் ஓடும் நிலத்தடி நீரைத் தடுக்காது. கிணற்று நீரில் ஒலூச் செய்யும் இடங்களில் இதை மறக்கலாகாது.

மலிவு நிலத்தில் பள்ளிக்கூடம் என்றதும் அமெரிக்காவின் லவ் கால்வாய்க் கதை நினைவுக்கு வராமல் போகாது. நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், பாதியில் கைவிடப்பட்ட பழைய கால்வாய் ஒன்றில், ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பெனி 1940களிலிருந்து சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்தது. மேலே களிமண்ணைப் பரப்பி, 1953இல் அந்நிலத்தை நகரக் கல்விச் சபைக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. இரசாயனம் புதைத்துள்ளோம், பின்னால் தீங்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்ற வாசகமும் பத்திரத்தில் இருந்தது. கல்விச் சபை பத்திரத்தை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தையும் கட்டியது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. கட்டட வேலையிலும் சாக்கடை வெட்டியதிலும் களிமண் மூடி குலைந்தது. 1970களில் பெய்த கனமழைகளுக்குப் பின் வீட்டு நிலவறைகளில் கறுப்பு நீர் ஊறிற்று. 1978 ஆகஸ்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டுப் பள்ளி மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. இதன் விளைவாகவே 1980இல், கெட்ட நிலங்களைச் சுத்தம் செய்யக் கெடுத்தவரிடமே செலவை வசூலிக்கும் சட்டம் அந்நாட்டில் பிறந்தது. அந்த இடம் சுத்தமானதாகக் கருதப்பட்டு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2004இல்தான். ஒரு டாலர் நிலத்தின் உண்மை விலை அது.

நம்மவர்க்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பழைய வட ஆர்க்காட்டில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்ற பெயர்களைக் கேட்டதும் தோல் வாணிபமும், அதில் பெயர்பெற்ற முஸ்லிம் குடும்பங்களும், அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் நினைவுக்கு வரும். முன்னாளில் அங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970களில் இந்திய அரசு, அரைப் பதனீட்டுத் தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முடிந்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தபோது, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பெருகிற்று. வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவு நீரின் குணமும் மாறிற்று.

குரோமியத்துக்கு இரு முகங்கள் உண்டு. தோல் பதனிட உதவும் முகம் அவ்வளவு கொடியதன்று. மண்ணில் ஒட்டி அடங்கிக் கிடக்கும். மற்ற முகம் மஞ்சள் நிறத்தது, நீரில் எளிதாய்க் கரைந்து ஓடுவது, புற்றுநோய் உண்டாக்குவது. தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்ய இராணிப்பேட்டையில் எழுந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் தொழிற்சாலை, 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்றது 1,50,000 டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குன்று. அந்த இரண்டாம் முகக் குரோமியம் உள்ள கழிவு. மழை பெய்தால் மஞ்சள் நீர் வடியும், கிணறுகள் கெட்டன. 2006இல் உலகின் மிக மாசுபட்ட இடங்களைப் பட்டியலிட்ட அமெரிக்கத் தொண்டு நிறுவனமொன்று இராணிப்பேட்டையையும் அதில் சேர்த்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் குன்று அங்கேயே இருந்தது. செலவு யாருடையது என்று தீருமுன் மழை நிற்குமா?

1996 ஆகஸ்டு 28ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் ஆலைகளைக் குறித்து ஒரு பெருந்தீர்ப்பை அளித்தது. கெடுத்தவனே செலவைத் தரவேண்டும். அதுவும் பாதிக்கப்பட்டவர்க்கு ஈடு கொடுப்பதோடு தீராது, கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவனுடையதே என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தது; பாலாறு அவ்வளவு வேகமாகத் தெளியவில்லை. 2015 ஜனவரி 31ஆம் தேதி இராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே விவகாரத்தைக் கையிலெடுத்து, நஷ்ட ஈடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. இதைச் சொல்வது நம் சகோதர வியாபாரிகளைக் குறைகூறுவதற்கன்று. அத்தொழிலால் வாழ்ந்த ஊர்கள் பல. ஆயினும் அதே ஊரில் உழவும் கிணறும் வைத்திருந்தவன் இழந்ததை யாரும் பேரேட்டில் எழுதவில்லை என்பதும் உண்மையே.

பரிகார முறைகளைச் சிறிது பார்ப்போம். தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோவதே பழைய முறை, விரைவானது, விலையதிகமானது. மலேசியாவில் அப்படித் தோண்டிய மண் சாதாரண மண்ணன்று. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் 77 வகைக் கழிவுகள் உள்ளன. கசிவைத் துப்புரவு செய்ததில் வந்த மண்ணுக்கு எஸ்.டபிள்யூ. 408 என்று தனி எண்ணே உண்டு. அனுமதி பெற்ற லோரியில்தான் ஏற்ற வேண்டும். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸ் நிலையம் போன்ற அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதே பட்டியலில் பழைய மசகெண்ணெய்க்கு எண் 305, பேட்டரிக் கழிவுக்கு 102, எண்ணெய் துடைத்த துணிக்கும் வடிகட்டிக்கும் 410. பட்டறை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் இந்த எண்களைச் சுவரில் எழுதி வைப்பது நலம். கழிவை 180 நாட்களுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ இடத்தில் தேக்கி வைக்கக் கூடாதென்பதும் விதி. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, சில குற்றங்களுக்கு உச்ச அபராதம் 1 கோடி வெள்ளி வரை உயர்த்தப்பட்டுள்ளது.

எண்ணெய் பட்ட மண்ணுக்கு நமக்குப் பிடித்த முறை ஒன்றுண்டு. அது ஏறக்குறைய எருக்குழி வேலைதான். மண்ணைத் தோண்டி, கீழே நீர் புகாத விரிப்பிட்டுப் பாத்தியாகப் பரப்பி, தழைச்சத்து உரம் சிறிது தூவி, ஈரம் காயாமல் வைத்து, அவ்வப்போது புரட்டிக் காற்றூட்டினால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்றுவிடும். 1989இல் அலாஸ்காக் கடற்கரையில் எண்ணெய்க் கப்பல் உடைந்தபோதும் உரமிட்டு இம்முறையைக் கையாண்டார்கள். அங்கே குளிர், நம் நாட்டு வெப்பத்தில் கிருமிகள் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பெட்ரோல் போன்ற ஆவிப்பொருளானால் மண்ணில் துளைக்குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி, அதைக் கரியில் வடிகட்டுவார்கள். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்து விடுவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பம்பு ஓடவேண்டும். மஞ்சள் குரோமியத்தை இரும்பு உப்புக் கலந்து அடங்கிய முகத்துக்குத் திருப்பலாம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண்ணுக்கு, மண்ணைக் கழுவிச் சல்லடையிட்டு, மிஞ்சியதை உலையில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிப் பிடிக்கும் முறை வகுக்கப்பட்டது. அங்கே பல்லாண்டு நீடித்த சச்சரவு முறையைப் பற்றியதல்ல. எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம் என்பதே சச்சரவு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் விடலாமென்றது ஒரு பக்கம். சோலைக்காட்டின் ஓரத்தில் அது போதாதென்றது மறுபக்கம்.

எந்த முறைக்கும் அடங்காத கழிவும் உண்டு. பேராவில் புக்கிட் மேராவில் 1982 முதல் நடந்த அரிய மண் ஆலை, வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து உலோகம் பிரித்தபின் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை விட்டது. மக்கள் வழக்காடினர், 1994இல் ஆலை மூடப்பட்டது. தோரியத்தைக் கழுவவும் முடியாது, கிருமிக்கு ஊட்டவும் முடியாது. மலைப்பக்கம் கொண்டுபோய்க் காப்பிட்டுப் புதைப்பதே வழியாயிற்று. செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011இல் பத்திரிகைகள் எழுதின.

நம் நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா 2009இல் கெட்ட நிலத்தைக் குறித்து மூன்று வழிகாட்டி ஏடுகளை வெளியிட்டது. எந்தப் பொருள் மண்ணில் எவ்வளவுக்கு மேல் இருந்தால் ஆராய வேண்டுமென்று ஓர் ஏடு; எப்படி ஆராய்ந்து எழுதுவதென்று ஓர் ஏடு; எப்படிப் பரிகாரம் செய்வதென்று ஓர் ஏடு. குடியிருப்புக்கு ஓர் அளவு, தொழிற்சாலைக்கு வேறு அளவு. பட்டறையாக இருந்தவரை பாதகமில்லை என்று விட்ட மண், பள்ளிக்கூடமானதும் பாதகமாகலாம் என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவும் படித்தபின் நாம் நால்வர் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தோம். கொட்டகை இருந்த மூலையில் லாலாங் புல்கூட முளைக்கவில்லை. முதல் நாள் மழை பெய்திருந்தது. பின்புற வாய்க்காலில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. பக்கத்துக் காப்பிக் கடைக்காரர், பட்டறைக்காரர் பழைய எண்ணெயைக் கொட்டகைக்குப் பின்னால்தான் ஊற்றுவார் என்று சாதாரணமாகச் சொன்னார். நிபுணர்களும் முதற்படி இதுவே என்கிறார்கள்: முதலில் விசாரி, பழைய படங்களையும் பத்திரங்களையும் பார், பிறகு எங்கே தோண்டுவதென்று முடிவு செய்.

உடையவரிடம் பேசினோம். மனிதர் கோபிக்கவில்லை. "பாய், நானும் இதை வேறொருவரிடம் வாங்கியவன்தான், தோண்டிப் பாருங்கள்" என்றார். அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்கினோம். ஆறு இடங்களில் துளையிட்டு, மேல் மண்ணும் அடி மண்ணும் தனித்தனியே எடுத்து, கீழ்ப்புறம் ஓரிடத்தில் நீரும் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். ஈயம், எண்ணெய், ஆவிப்பொருள் மூன்றுக்கும் சோதனை. செலவு சங்கப் பொதுநிதியிலிருந்து. கணக்கு அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். பெரியவர் காக்காவே தம் கையிலிருந்து ஒரு பகுதியைத் தந்தார். விடை வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை முன்பணம் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மதரஸா வகுப்புகள் வழக்கம்போல் வாடகைக் கடையின் மேல்மாடியிலேயே நடைபெறும்.